தஞ்சை வீடுகளின் விதானம்: அன்றும் இன்றும்

இப்போது நம் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் பலர், அறையின் மேற்கூரை எப்படி இருக்கும் என்பதைக் கணினியில் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். ஓரம் தாழ்ந்து, நடு உயர்ந்து, இடுக்கில் விளக்கு ஒளிந்திருக்கும். தாம்பாளத்தைக் கவிழ்த்தது போல இருப்பதால் 'டிரே சீலிங்' என்று பெயர்.

தலைக்கு மேலே அலங்காரம் செய்யும் ஆசை நமக்குப் புதிதல்ல. விதானம் என்ற சொல்லுக்கே துணியால் கட்டும் மேற்கட்டி என்றுதான் பொருள். சுவாமிக்கு மேலே விதானம் கட்டுவதும், தேரில் தொம்பை தொங்கவிடுவதும் தஞ்சைக்காரர்களுக்குத் தெரிந்ததே.

கட்டடத்தில் உயரம் கொண்டுவருவதுதான் கடினம். 1010-ல் முடிந்த பெரிய கோயிலில் கல்லை அடுக்கடுக்காக உள்நோக்கி நகர்த்தி வைத்தே விமானத்தை எழுப்பினார்கள். கல் பாரம் தாங்கும். ஆனால் நீளமாகப் படுக்க வைத்தால் ஒடியும். அதனால் கல் மண்டபங்களில் தூண்கள் நெருக்கமாகவும் கூரை தட்டையாகவும் இருக்கும்.

நாயக்கர் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் கை கொடுத்தன. டெல்டாவில் கல் கிடையாது, செங்கல்லுக்கு மண் உண்டு. வளைவுகள் வந்தன, கூரை உயர்ந்தது. தஞ்சை அரண்மனை தர்பார் மண்டபத்தில் வளைவுகளையும் வண்ணம் தீட்டிய சுதை வேலையையும் இன்றும் பார்க்கலாம். மதுரையில் 1636-ல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் சொர்க்க விலாசக் குவிமாடம் இந்த முறையின் பெரிய சாதனை. சூடான காற்று மேலே போய்விடும்; கீழே இருப்பவர்களுக்குக் குளிர்ச்சி. அங்கே அழகும் பயனும் ஒன்றாகவே இருந்தன.

பிறகு நம் தெருக்களில் மெட்ராஸ் டெரஸ் வந்தது. மர உத்தரங்களின் மேல் சட்டங்கள், அவற்றின் மேல் செங்கல்லைக் குத்தாகவும் குறுக்குச் சாய்வாகவும் அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு இடித்தார்கள். அந்த வீடுகளின் உயரம் நமக்கு ஞாபகம் இருக்கும்.

இன்றைய கான்கிரீட் வீட்டில் தளம் பெரும்பாலும் 10 அடியில் நிற்கிறது. அதன் கீழே ஜிப்சம் பலகையில் டிரே சீலிங் செய்தால் என்ன ஆகும்? நடுப்பகுதி 3 அங்குலம் இறங்கும், ஓரம் 12 அங்குலம் இறங்கலாம். பார்ப்பதற்கு உயர்ந்த கூரை. உண்மையில் ஓரம் 9 அடியில். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வசிக்கும் அறைக்குக் கேட்கும் குறைந்த அளவே 2.75 மீட்டர், அதாவது சுமார் 9 அடி.

கணினிப் படம் அகலக் கோணத்தில் காட்டுவதால் சின்ன அறையும் மாளிகை போலத் தெரியும். சித்திரை வெயிலை அது காட்டாது. அதே மென்பொருளில் அறையைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படமும் உண்டு. பேரப்பிள்ளையிடம் அதைத் திறக்கச் சொல்லி, தரையிலிருந்து ஓரம் வரை எத்தனை அடி, மின்விசிறி எங்கே தொங்கும் என்று கேளுங்கள்.

உயர்ந்த விதானம் வேண்டுமென்றால் சுவர் எழும்போதே கொத்தனாரிடம் 11 அடி சொல்லிவிட வேண்டும். தளம் போட்ட பிறகு எந்த மென்பொருளாலும் ஓர் அங்குலம்கூடக் கூட்ட முடியாது.