இறந்தவரின் ஹோட்டல் புள்ளிகள் குடும்பத்துக்குக் கிடைக்குமா?

வேலை நிமித்தம் ஊர் ஊராகச் சென்று ஹோட்டல்களில் தங்கியவர் காலமாகிறார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த சில வாரங்களில் அவரது கைப்பேசிக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. உறுப்பினர் கணக்கில் இன்னும் புள்ளிகள் இருப்பதாக ஹோட்டல் நிறுவனம் தெரிவிக்கிறது. சில இரவுகள் இலவசமாகத் தங்கும் அளவுக்கு அவை சேர்ந்திருக்கலாம். குடும்பத்தினர் அவற்றைக் கேட்டுப் பெற முடியுமா?

முடியும், ஆனால் எல்லா நிறுவனங்களிலும் அல்ல. கொடுக்கும் நிறுவனங்களிலும் பெரும்பாலும் ஓராண்டுக்குள் கேட்டாக வேண்டும்.

புள்ளிகள் சொத்தாகுமா?

வங்கிப் பணம், வீடு, நிலம் ஆகியவை உயில்படி பிரிக்கப்படும். உயில் இல்லாவிட்டால், தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோருக்கு 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பொருந்தும். அதன்படி பெற்றோருக்கு கால் பங்கும், கணவர் அல்லது மனைவிக்கு கால் பங்கும், பிள்ளைகளுக்குப் பாதியும் சேரும்.

ஹோட்டல் புள்ளிகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. புள்ளிகள் உறுப்பினரின் சொத்தல்ல என்றே நிறுவனங்கள் பொதுவாகத் தங்கள் விதிமுறைகளில் எழுதி வைத்துள்ளன. எனவே உயிலில் குறிப்பிட்டிருந்தாலும் நிறுவனத்தின் விதிதான் முடிவு செய்யும்.

நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு

ஹில்டன்: மரண நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்து, ஆவணங்களைக் கொடுத்தால் புள்ளிகளை வாரிசின் கணக்குக்கு மாற்றலாம்.

ஹயாத்: இறந்தவரோடு ஒரே முகவரியில் வசித்த ஒருவருக்கு மட்டும் மாற்றித் தரப்படும். இதற்கும் 12 மாதங்களே அவகாசம். தனிக்குடித்தனம் போய்விட்ட மகனைவிட, அதே வீட்டில் இருக்கும் தாயார் பெயரில் கேட்பதே பலன் தரும்.

மேரியட்: ஆவணங்களைச் சரிபார்த்த பிறகு மாற்றித் தர இடமுண்டு. இறுதி முடிவு நிறுவனத்தின் கையில்.

விமான மைல்களுக்கு வேறு விதி இருக்கலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் திட்டத்தில் உறுப்பினர் இறந்தால் கணக்கு மூடப்பட்டு, பயன்படுத்தாத மைல்கள் ரத்தாகும்.

விதிமுறைகள் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் முன் அந்தந்த நிறுவனத்தின் உறுப்பினர் சேவைப் பிரிவிடம் கேட்டு உறுதிசெய்வது அவசியம்.

என்னென்ன ஆவணங்கள்?

உறுப்பினர் எண், மரணச் சான்றிதழ், விண்ணப்பிப்பவரின் அடையாள ஆவணம், உறவை நிரூபிக்கும் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். சத்தியப் பிரமாணப் பத்திரமும் கேட்கப்படலாம். மலாய் மொழியில் உள்ள சான்றிதழுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படலாம். சிங்கப்பூரில் 2022 மே 29 முதல் மரணச் சான்றிதழ் மின்னிலக்க வடிவில் மட்டுமே வழங்கப்படுவதால், அதைப் பதிவிறக்கம் செய்து பத்திரப்படுத்த வேண்டும்.

நம் குடும்பங்களுக்கு இரண்டு இடங்களில் சிக்கல் வரலாம்.

முதலாவது, பெயர். அடையாள அட்டையில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்று தந்தை பெயரோடு இருக்கும். ஹோட்டல் கணக்கிலோ தந்தை பெயர் குடும்பப் பெயராகவோ, எழுத்து மாறியோ பதிவாகியிருக்கலாம். இரண்டும் ஒருவரே என்பதைக் கடிதத்தில் முதலிலேயே விளக்கிவிடுவது நல்லது.

இரண்டாவது, திருமணச் சான்று. 1982 மார்ச் 1ஆம் தேதிக்கு முன் கோவிலிலோ வீட்டிலோ சடங்குப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்கிறது. ஆனாலும் மூத்தோர் பலரிடம் அதற்கான பத்திரம் இல்லை. அப்படியானால், பெற்றோர் இருவரின் பெயரும் உள்ள பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் சத்தியப் பிரமாணமும் ஏற்கப்படுமா என்று நிறுவனத்திடம் கேட்கலாம்.

புள்ளிகளைப் பெறுபவருக்கும் உறுப்பினர் கணக்கு வேண்டும். இந்த மூன்று நிறுவனங்களிலும் அதை இலவசமாகத் திறக்கலாம். தாயாருக்கு மின்னஞ்சல் இல்லையென்றால் பிள்ளைகள் முதலில் அதை அமைத்துக் கொடுக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

இறந்தவரின் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே சென்று புள்ளிகளைச் செலவழிப்பது விதிமீறல் ஆகலாம். கணக்கு முடக்கப்பட்டால், முறைப்படி கிடைக்கவிருந்ததும் போய்விடும்.

அவரது கைப்பேசி எண்ணை உடனே ரத்து செய்யாமல் சில மாதங்கள் வைத்திருப்பது நல்லது. கணக்குகள் பற்றிய தகவல்கள் அந்த எண்ணுக்குத்தான் வரும். அதேவேளையில், “புள்ளிகளை மாற்றித் தருகிறோம்” என்று யாராவது அழைத்துக் கடவுச்சொல்லோ வங்கி விவரமோ கேட்டால் கொடுக்கக் கூடாது.

உயிரோடு இருக்கும்போதே

ஹில்டன், மேரியட், ஹயாத் மூன்றிலும் 24 மாதங்கள் கணக்கில் எந்த நடவடிக்கையும் இல்லாவிட்டால் புள்ளிகள் காலாவதியாகும். சேர்த்து வைப்பதைவிட, உடல் நலத்தோடு இருக்கும்போதே குடும்பத்தோடு ஒரு பயணத்துக்குப் பயன்படுத்துவது மேல். குறைந்தபட்சம், எந்த நிறுவனத்தில் கணக்கு உள்ளது, உறுப்பினர் எண் என்ன என்பதையாவது ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம்.

அந்தத் தாளை எழுத உட்காரும்போது, ஊழியர் சேமநிதியில் வாரிசாக யார் பெயர் உள்ளது என்பதையும் பார்த்துவிடுவது நல்லது. முஸ்லிம் அல்லாத உறுப்பினர் பெயர் குறிப்பிட்டவருக்கே அந்தப் பணம் சேரும். புள்ளிகள் போனால் சில இரவுத் தங்கலோடு போயிற்று. சேமநிதியில் பெயர் இல்லாவிட்டால் குடும்பம் அலைய வேண்டியிருக்கும்.