உசரமும் வலுவும்: கொட்டியாரக் குடாவில் ஆழிப்பேரலை

கப்பல்துறை, கிண்ணியா, மூதூர்ப் பக்கம் சுனாமியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் வருவது உயரம்தான். "தென்னை உசரம் வந்திச்சி மகன்" என்பார் ஒருவர். "இல்ல, பள்ளி மதில் அளவுதான்" என்பார் பக்கத்திலிருப்பவர். வாய்மொழிகளைச் சேகரிக்கும் எனக்கு இந்த வித்தியாசம் சின்ன விசயமல்ல. அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் சக்தி நான்கு மடங்காகிறது; மூன்று மடங்கானால் ஒன்பது. மேலே தூக்கப்படும் தண்ணீரும் இரட்டிக்கிறது, அது ஏறி நிற்கும் உயரமும் இரட்டிக்கிறது. ரெண்டையும் பெருக்கிப் பாருங்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமாத்திராவில் பூமி அதிர்ந்து இரண்டு மணித்தியாலத்தின் பின், இந்து சமுத்திரத்துக்கு மேலாகச் சென்ற ஜேசன்-1 செய்மதி ஆழ்கடலில் அளந்த அலையின் உயரம் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர்தான். நடுக்கடலில் தோணியில் இருந்தவனுக்கு அது தெரிந்திருக்காது. ஆனால் 4000 மீற்றர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல் ஓடும் அலை, 10 மீற்றர் ஆழத்தில் 36 கிலோமீற்றராகத் தளர்கிறது. வேகம் இருபதில் ஒரு பங்காகும்போது, பின்னால் வரும் சக்தி முன்னால் நெருக்குண்டு, உயரம் நாலரை மடங்காகிறது. கரை ஏறும்போது இன்னும் கூடும்.

திருகோணமலையின் உள்துறைமுகம் ஆழமானது, வாயில் ஒடுங்கியது. அலை உயர அங்கே இடமில்லை; நுழைந்ததும் பரந்து மெலிந்தது. குடாவின் தென்கரை அப்படியல்ல. மகாவலி கொண்டுவந்து கொட்டிய மணலும் சேறும் அங்கே கடலை ஆழமற்றதாக்கியிருக்கின்றன. கிண்ணியா வைத்தியசாலை அழிந்தது. மையவாடிகளில் ஜனாஸாக்களை வரிசையாக அடக்கினார்கள்.

2005இல் அரசு கட்டட எல்லை வகுத்தபோது தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்றது. கரையிலிருந்து நூல் பிடித்த கணக்கு அது; கடலடியின் ஆழத்தை அது கேட்கவேயில்லை. வள்ளமும் வலையும் கரையில் இருக்க, வீட்டை மட்டும் உள்ளே தள்ளச் சொன்னால் கடற்றொழிலாளி என்ன செய்வான்? அந்த எல்லை பிறகு தளர்த்தப்பட்டது. இந்தத் துறைமுகத்தின் ஆழங்களைக் குறித்த கடல் வரைபடங்களோ பிரித்தானியர் காலத்திலிருந்தே இருக்கின்றன.