குறட்டைக்கு மட்டும் விதி இல்லை

குறட்டை விடுகிறவன் என்ற முறையில் ஆல்ப்ஸ் மலைக்குடில்களின் வரலாற்றில் எனக்குத் தனி அக்கறை உண்டு. மியூனிக்குக்கு வேலைக்கு வந்ததிலிருந்து கோடைதோறும் அவற்றில் ஏதாவது ஒன்றில் போய்ப் படுக்கிறேன். கல்யாண மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்து வரிசையாகப் படுப்போமே, அதே ஏற்பாடுதான். சுவரை ஒட்டி நீளப் பலகை மேடை, அதன்மேல் இடைவெளியில்லாமல் மெத்தைகள், ஆளுக்கொரு தலையணை, ஒரு கம்பளி. ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில்தான். பக்கத்தில் யார் என்பது அன்று மாலை யார் ஏறி வந்தார்கள் என்பதைப் பொறுத்தது.

சுவிஸ் ஆல்பைன் சங்கம் 1863-இல் தொடங்கியது. அந்த ஆண்டே டோடி மலையில் க்ரூன்ஹார்ன் குடிலைக் கட்டிவிட்டார்கள். அந்தக் காலத்துக் குடில்களில் மெத்தை ஏது? வைக்கோல்தான். மலையேறிகளுக்கு அங்கே சுகமாகத் தூங்கவும் நேரமில்லை. இரவுக் குளிரில் இறுகிக் கிடக்கும் பனி, வெயில் ஏறினால் இளகும். பிளவுகளை மூடியிருக்கும் பனிப்பாலம் காலை வைத்ததும் உடையும். பாறையிடுக்கில் கற்களைப் பிடித்து வைத்திருந்த உறைபனி உருகி, கற்கள் உருண்டு வரும். ஆகவே நள்ளிரவு தாண்டி இரண்டு, மூன்று மணிக்கே கிளம்பி, மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும்.

குடிலின் தூக்க மரியாதை முழுவதும் இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். இரவு பத்து மணிக்குப் பேச்சு அடங்கிவிட வேண்டும். பூட்ஸ் கீழேயே இருக்க வேண்டும். மூட்டையை முந்தின மாலையே கட்டிவிட வேண்டும். விடிவதற்கு முன்னால் இருட்டில் பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று குடைகிறவனை மொத்த அறையும் சபிக்கும். குறட்டைக்காரனுக்குக் கிடைப்பது விலாவில் ஒரு முழங்கை இடி, அவ்வளவுதான். இது நியாயம் என்றே நினைக்கிறேன். பையைக் குடைகிறவன் விழித்திருக்கிறான்.

உயரத்தில் குறட்டையின் போக்கே வேறு. மான்டே ரோசா மலைத்தொகுதியில் 4,554 மீட்டர் உயரத்தில் உள்ள மார்கரீத்தா குடிலை, 1893-இல் இத்தாலிய அரசி மார்கரீத்தாவே ஏறிப் போய்த் திறந்து வைத்தார். மறு ஆண்டே தூரின் நகர உடலியல் அறிஞர் ஆஞ்சலோ மோசோ சிப்பாய்களைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். தூங்குகிறவர்களின் மூச்சைப் பதிவு செய்தபோது அது அலை அலையாக ஏறி இறங்குவதையும், நடுநடுவே அடியோடு நின்று போவதையும் கண்டார். ஆக்ஸிஜன் குறைவதால் உடம்பு வேகமாக மூச்சு வாங்குகிறது. இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அது குறைந்தால் மூச்சு விடு என்ற தூண்டுதலும் அடங்கிவிடுகிறது. பத்து விநாடிக்கு மேல்கூட நிசப்தம். பிறகு ஒரு பெரிய திணறல், மறுபடியும் குறட்டை. பக்கத்தில் படுத்திருப்பவரைக் கேட்டால் சத்தத்தைவிட அந்த நிசப்தம்தான் பயமுறுத்தியது என்பார். சத்தத்துக்காவது வழி உண்டு. பெர்லின் மருந்தாளர் மாக்ஸ் நெக்வர் மெழுகும் பஞ்சும் கலந்து செய்த ஓரோபாக்ஸ் காதடைப்பான் 1908-இலேயே சந்தைக்கு வந்துவிட்டது. இன்றும் மலையேறிகளின் பையில் அது இருக்கும்.

ஜெர்மன் ஆல்பைன் சங்கமும் ஆஸ்திரிய ஆல்பைன் சங்கமும் 1873-இல் ஒன்றாயின. ரயில் வந்தது, கூட்டம் வந்தது, குடில்கள் மெல்ல ஹோட்டல்களாயின. எளிமைக்குத் திரும்ப வேண்டும் என்று 1923-இல் டோல்ஸ் என்ற ஊரில் கூடி நெறிமுறைகள் வகுத்தார்கள். இறகு மெத்தை வேண்டாம், கம்பளி போதும். இசைப்பெட்டிகள் வேண்டாம். உணவும் எளிமையாக இருக்கட்டும். படித்தபோது எனக்கும் சரியென்றே பட்டது.

அதே சங்கம் அதே ஆண்டுகளில் இன்னொன்றும் செய்தது. வியன்னாவின் 'ஆஸ்திரியா' கிளை 1921-இல் யூதர்களுக்குக் கதவடைத்தது. வெளியே நிறுத்தப்பட்டவர்களும் அவர்கள் பக்கம் நின்றவர்களும் 'டோனாவ்லாண்ட்' என்று தனிக் கிளை அமைத்தார்கள். பின்னாளில் புகழ்பெற்ற மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்க்ள் அதில் உறுப்பினர். 1924 டிசம்பரில் மியூனிக்கில் சிறப்புக் கூட்டம் போட்டு அந்தக் கிளையையே சங்கத்திலிருந்து நீக்கினார்கள். யூதர்களுக்கும் டோனாவ்லாண்ட்காரர்களுக்கும் இங்கே வரவேற்பில்லை என்று குடில் வாசல்களில் பலகைகள் தொங்கின. சுவிஸ் சங்கமோ 1907-இல் பெண்களுக்குக் கதவை அடைத்தது. திறக்க 1980 ஆனது. யார் பக்கத்தில் யார் படுக்கலாம் என்பதற்கு இத்தனை விதிகள். அறையையே அதிரவைக்கிற என் போன்றவனை நீக்கச் சொல்லி யாரும் தீர்மானம் கொண்டுவரவில்லை. அடுத்தவன் தூக்கத்தைப் பற்றிய கவலையில் போட்ட விதிகளா இவை? எனக்கு நம்பிக்கையில்லை.

பெர்லின் கிளையின் யூத வெறுப்பு தாங்காமல் வெளியேறியவர்கள், பெரும்பாலும் யூதர்கள், 1930-களின் தொடக்கத்தில் சில்லர்டால் மலையில் ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்தில் ஃபிரீசன்பெர்க் இல்லத்தைக் கட்டி முடித்தார்கள். 1938-இல் ஆஸ்திரியா நாஜிகள் கைக்குப் போனதும் அதுவும் பறிபோனது. போருக்குப் பின் டோனாவ்லாண்டிடம் வந்து, 1968-இல் பெர்லின் கிளைக்குக் கைமாறியது. 2003 முதல் அது சகிப்பின்மைக்கும் வெறுப்புக்கும் எதிரான பன்னாட்டுச் சந்திப்பு இல்லமாகவும் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு இரவு அங்கே தங்குங்கள். மெத்தைமேல் விரிக்கத் துணி உறையை மறக்காமல் கொண்டுபோங்கள். அது இல்லாமல் படுக்க விடமாட்டார்கள்.