உண்ணிக் காய்ச்சல், குழந்தைகளில்

உண்ணிகளும் அவற்றின் இனத்தைச் சேர்ந்த நுண்பூச்சிகளும் கடிப்பதால் ரிக்கெட்சியா குடும்பத்துப் பாக்டீரியாக்கள் உடலில் புகுந்து உண்டாக்கும் காய்ச்சல். தமிழ்நாட்டில் இப்பெயரால் குறிக்கப்படுவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ். இதைப் பரப்புவது நாய் உண்ணி அன்று. கண்ணுக்கு எளிதில் புலப்படாத, ஆறு கால் கொண்ட ஓர் இளம்பூச்சி. புல்லும் புதரும் எலியும் சேர்ந்த இடத்தில் இது பெருகும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஏரிக்கரைகளும் கட்டாமல் விட்ட மனைகளும் அத்தகைய இடங்களே. நாய் உண்ணியால் வருவது இந்திய உண்ணி டைபஸ் என்னும் வேறு நோய்.

குமாவுன் மலைப்பகுதியில் கண்ட ஒரு காய்ச்சலை 1917இல் விவரித்த மெகா என்ற ராணுவ மருத்துவர், அது உண்ணியால் பரவலாம் என்று 1921இல் எழுதினார். அதற்கு முன்பே, 1916இல், வெயில், ஃபெலிக்ஸ் இருவரும் ஒரு விந்தையைக் கண்டிருந்தனர். டைபஸ் நோயாளியின் சீரம், அந்நோய்க்குக் காரணமல்லாத புரோட்டியஸ் என்ற பாக்டீரியாவைத் திரளச் செய்தது. அதுவே வெயில்-ஃபெலிக்ஸ் சோதனை ஆயிற்று. 1920களில் மலாயாவில் ஃபிளெட்சரும் லெஸ்லரும் இச்சோதனையைக் கொண்டு நகரத்து டைபஸையும் நாட்டுப்புற டைபஸையும் பிரித்தனர்: முன்னது புரோட்டியஸின் ஓஎக்ஸ்19 வகையைத் திரளச் செய்தது, ஸ்க்ரப் டைபஸான பின்னது ஓஎக்ஸ்கே வகையை. அந்தக் 'கே', கிங்ஸ்பரி என்பவர் பெயரின் முதலெழுத்து. இரண்டாம் உலகப் போரில் அசாம்-பர்மா முனையில் ஆயிரக்கணக்கான வீரர்களை ஸ்க்ரப் டைபஸ் வீழ்த்தியபோது அதற்கு மருந்தே இல்லை. 1948இல் கோலாலம்பூரில் ஸ்மாடெல் குழுவினர் குளோராம்ஃபெனிகால் கொடுத்துக் குணப்படுத்தினர். நெடுநாள் ரிக்கெட்சியா எனப்பட்ட ஸ்க்ரப் டைபஸ் கிருமி 1995இல் ஓரியன்ஷியா என்ற தனிப் பேரினமாக்கப்பட்டது.

கடித்த ஆறு முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். தலைவலி, வாந்தி, வயிற்றுவலி, முகவீக்கம், கல்லீரல் வீக்கம் ஆகியவை உடன் வரலாம். மழைக்காலத்தில் வருவதாலும் தட்டணுக்கள் குறைவதாலும் டெங்கு என்றே முதலில் எண்ணுவார்கள். முக்கியத் தடயம் கடிவாயில் தோன்றும் புண்: நடுவில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த விளிம்பு, சிகரெட்டால் சுட்டது போன்ற தோற்றம். வலிக்காது, அரிக்காது, ஆகவே குழந்தை சொல்லாது. அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம், தலைமுடிக்குள், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் ஒளிந்திருக்கும். ஈரமான மடிப்புகளில் பொருக்கில்லாமல் வெறும் புண்ணாகவும் காணப்படும். உடையை முழுதும் களைந்து பார்க்காத பரிசோதனை அரைப் பரிசோதனைதான். இந்திய உண்ணி டைபஸில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு காணும்.

வெயில்-ஃபெலிக்ஸ் மலிவானது, ஆனால் பல நோயாளிகளைத் தவறவிடும். ஐஜிஎம் எலைசா என்ற ரத்தப் பரிசோதனையே இன்று நம்பத்தக்கது. முதல் சில நாட்களில் அதுவும் நோயைக் காட்டாது. எனவே ஐயம் வலுத்தால் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்க வேண்டும். பென்சிலின், செஃபலோஸ்போரின் வகைகள் பயன்படா. ஏற்ற மருந்து டாக்ஸிசைக்ளின்: 45 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு, கிலோவுக்கு 2.2 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருவேளை. எட்டு வயதுக்குட்பட்டோரின் பற்கள் கறைபடும் என்ற தயக்கம் பழைய டெட்ராசைக்ளினின் மிச்சம். சில நாள் சிகிச்சைக்கு அது பொருந்தாது. மாற்று, அசித்ரோமைசின். பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். தாமதித்தால் நிமோனியா, மூளைக்காய்ச்சல், ரத்த அழுத்த வீழ்ச்சி நேரலாம். கடுமையான நோய்க்கு இரு மருந்தையும் சேர்த்துச் சிரை வழி தருவது மேல் என்று வேலூர் சிஎம்சி தலைமையிலான ஆய்வு 2023இல் காட்டியது. அதில் 15 வயதுக்குக் குறைந்தோர் சேர்க்கப்படவில்லை.

2025 தொடக்கத்தில் சென்னை, திருவள்ளூர் உள்ளிட்ட மாவட்டங்களுக்குப் பொதுச் சுகாதாரத் துறை எச்சரிக்கை விடுத்தது. தடுப்பூசி இல்லை.