முதல் அழைப்பு 1930-க்குப் போகட்டும்

ஜவ்வாது மலையில் சாமை விதைக்கும் மூதாட்டிக்கும் இன்று உதவித்தொகை வங்கிக் கணக்கில்தான் வருகிறது. அண்மையில் ஜமுனாமரத்தூர் சென்றபோது அத்தகைய ஒருவரைச் சந்தித்தேன். "உங்க கணக்கு முடங்கப் போகுது, ஏடிஎம் கார்டு நம்பரையும் செல்லுக்கு வந்த நம்பரையும் சொல்லுங்கம்மா" என்று வங்கி அதிகாரிபோல் ஒருவன் பேசியிருக்கிறான். அவரும் சொல்லிவிட்டார். அவற்றைக் கொண்டு இணைய வங்கிச் சேவைக்குள் நுழைந்தவன், அன்று மாலையே பாதிப் பணத்தை எடுத்துவிட்டான். குறுஞ்செய்தியைப் பேரன் படித்துச் சொன்னான். யாரிடம் முறையிடுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. வங்கி திறக்கட்டும் என்று காத்திருந்தார்கள்; விடிவதற்குள் மீதியும் போயிற்று.

அந்த மீதியைக் காத்திருக்க முடியும். ரகசிய எண்ணை வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தாலும், வங்கிக்குத் தகவல் தெரிவித்தபின் நேரும் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிமுறை. இணையவழி நிதி மோசடிக்கான தேசிய உதவி எண்ணான 1930-இல் உடனே புகாரளித்தால், பணம் கைமாறிச் செல்லும் கணக்குகளை முடக்கவும் வழியுண்டு.

ஓடிபி-யை எவரிடமும் சொல்லாதீர் என்று எச்சரிப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையில்லை, 'டிஜிட்டல் கைது' என்ற ஒன்று சட்டத்திலேயே இல்லை என்பவற்றையும் சொல்ல வேண்டும். ஏமாந்தபின் செய்ய வேண்டியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மலைக்கிராமங்களின் நியாயவிலைக் கடைச் சுவர்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் 1930-ஐயும் வங்கியின் புகார் எண்ணையும் பெரிதாக எழுதி வைக்கலாம். அந்த மூதாட்டிக்கு அன்று மாலை தேவைப்பட்டவை அவ்வெண்களே.