கரி பஸ் ஓடிய காலம்

பட்டனைத் தட்டினேன். சத்தத்தையே காணோம்! ‘‘வண்டி கிளம்பியாச்சு சார்’’ என்று சிரித்தார் கம்பெனி இளைஞர். தஞ்சாவூர்-புதுக்கோட்டை சாலையில், சொகுசு ஹைபிரிட் காரில் வெள்ளோட்டம். பிரேக் போட்டால் அந்த வேகமே மின்சாரமாகி பேட்டரிக்குப் போகிறது. ‘‘புது டெக்னாலஜி சார்!’’

புதுசா? பெட்ரோல் இன்ஜினையும் மின் மோட்டாரையும் 1900-லேயே ஒரே காரில் சேர்த்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. அப்புறம் பெட்ரோல் கார்கள் மலிந்தன. உலகம் அதை மறந்தது. 1997-ல் டொயோட்டா ப்ரியஸ் வந்துதான் ஞாபகப்படுத்தியது.

நான் ஓட்டிய இதே தடத்தில் 1912-ல் பஸ் விட்டவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு. மனுஷர் அசரவில்லை. கரியிலிருந்து வாயு எடுத்து பஸ்ஸை ஓட்டும் கருவியைத் தயாரித்தார். போர் முடிந்தது, பெட்ரோல் வந்தது, கரியை மறந்தோம்.

முடை வந்தால்தான் மூளை வேலை செய்யுமா என்ன? இந்தத் தடவையாவது அதுவரை காத்திருக்க வேண்டாமே!