பழைய கார்களின் இண்டிகேட்டர்: ஒரு பழுதின் வரலாறு

மோட்டார் காரில் திரும்பும் விளக்குக்கு முன்பே இருப்பைக் காட்டும் விளக்கு வந்துவிட்டது. குதிரை வண்டியின் பக்கத்தில் தொங்கிய லாந்தர்தான் காரின் மட்கார்டுக்கு இடம் மாறியது. முன் விளக்கு கார்பைடு வாயுவில் எரிந்த நாட்களிலும் பக்க விளக்கு எண்ணெயில் எரிந்தது. 1912இல் காடிலாக் நிறுவனம் மின்சார ஸ்டார்ட்டரையும் மின் விளக்குகளையும் ஒரே ஏற்பாடாகக் கொண்டுவந்த பிறகு, பாட்டரியும் டைனமோவும் மற்ற கார்களுக்கும் பரவின. இன்று பார்க்கிங் லைட், டெயில் லைட் என்று அழைக்கப்படுபவை அந்த லாந்தர்களின் வாரிசுகள். நின்று எரிவது மட்டுமே அவற்றின் வேலை. வயரிங்கும் அதற்கேற்பத்தான் போடப்பட்டது. திரும்பும் சைகை பல ஆண்டுகள் கழித்து அதே வயரிங்கில் வந்து சேர்ந்துகொண்டது. பழைய கார்களில் இண்டிகேட்டர் தரும் தொல்லைகள் பலவற்றுக்கு இந்தப் பிந்திய சேர்க்கையே வேர்.

அதுவரை ஓட்டுநரின் கைதான் இண்டிகேட்டர். இந்தியச் சட்டத்தில் அந்தக் கைக்கு இன்னும் இடம் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 121ஆம் பிரிவு, வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள வண்டியில் திரும்புவதையும் நிறுத்துவதையும் கருவி மூலம் காட்டலாம் என்று அனுமதி தருகிறது. இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியிலோ கருவி இருந்தே ஆகவேண்டும். காரணம் எளிது: இடப்பக்கம் உட்கார்ந்தவரின் கை சாலையின் நடுப்பக்கத்துக்கு எட்டாது.

கைக்குப் பதில் இயந்திரக் கையை வைக்கும் யோசனை முதல் உலகப் போருக்கு முன்பே தோன்றிவிட்டது. 1914 வாக்கில் அமெரிக்க மௌனப்பட நடிகை ஃபுளோரன்ஸ் லாரன்ஸ், பொத்தானை அழுத்தினால் காரின் பின்புறம் சிறு கொடி எழும்பும் கருவியை உருவாக்கினார், காப்புரிமை பெறவில்லை. பரவலாக நிலைத்தது ஐரோப்பிய வடிவம்தான். 1928இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மின்சாரத்தால் எழும்பும் சிறு கையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிரிட்டனில் அதற்கு டிராஃபிகேட்டர் என்று பெயர். இரண்டு கதவுகளுக்கு இடைப்பட்ட தூணுக்குள் மடிந்து கிடக்கும் கை, சுவிட்சைத் திருப்பியதும் கம்பிச்சுருளின் காந்த இழுப்பில் வெளியே நீளும். அதன் ஆரஞ்சு நிற உறைக்குள் ஒரு சிறு பல்ப் எரியும்.

அழகான கருவி, ஆனால் நோஞ்சான். தூணுக்குள் தூசியும் மழைநீரும் இறங்கி, கீலில் துரு ஏறினால் கை பாதியில் நிற்கும் அல்லது எழும்பவே எழும்பாது. ஓட்டுநர்கள் உள்ளிருந்தபடியே தூணில் ஒரு தட்டுத் தட்டி அதை எழுப்புவார்கள். கையோடு சேர்ந்து மடங்கி நிமிரும் மெல்லிய வயர் நாளடைவில் உள்ளுக்குள் அறுந்துபோகும். கை எழும்பும், விளக்கு எரியாது. கீலுக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும். கூடுதலாக விட்டால் அதில் தூசி ஒட்டிப் பழைய கதையே திரும்பும்.

மினுக்கும் விளக்கு அமெரிக்காவில் வேர் பிடித்தது. 1939ஆம் ஆண்டு மாடல் பியூக் கார்களின் பின்புறத்தில் மினுக்கும் சைகை வந்தது. மறு ஆண்டு முன்புறத்துக்கும் நீண்டு, ஸ்டீயரிங் நேரானதும் தானே அணையும் வசதியும் சேர்ந்தது. ஐரோப்பா மெதுவாகத்தான் கையை விட்டது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஜெர்மனியில் 1960 வரையிலும், மாரிஸ் மைனர் 1961 வரையிலும் எழும்பும் கைகளோடு வந்தன.

இடைக்காலத்தில் தயாரிப்பாளர்கள் ஒரு சிக்கன வழியைக் கண்டார்கள். இண்டிகேட்டருக்குத் தனி விளக்கு வைக்காமல், பிரேக் லைட்டின் இழையையே மினுக்க வைத்தார்கள். எம்.ஜி.ஏ. (1955), ஆஸ்டின் ஹீலி போன்ற பிரிட்டிஷ் கார்களில் இதற்கென்று லூகாஸ் நிறுவனத்தின் டிபி10 என்ற ரிலே பெட்டி இருந்தது. இடப்பக்கச் சைகை போட்டால் அது இடது பிரேக் இழையை பிரேக் சுவிட்சிலிருந்து பிரித்து ஃபிளாஷரோடு இணைக்கும். அந்த நேரத்தில் பிரேக்கை மிதித்தால் வலது விளக்கு நின்று எரிய, இடது மட்டும் மினுக்கும். இந்தக் கார்களில் ஒரு பக்கப் பிரேக் லைட் மட்டும் எரியவில்லை, பல்பும் நன்றாக இருக்கிறது என்றால், பலர் பிரேக் சுவிட்சைக் கழற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்குகிறார்கள். சுவிட்ச் கெட்டிருந்தால் இரண்டு பக்கமும் அணைந்திருக்கும். கரி படிந்திருப்பது பெரும்பாலும் ரிலே பெட்டிக்குள் உள்ள தொடுமுனையில்தான். அமெரிக்கக் கார்களில் இதே பிரிக்கும் வேலையை ஸ்டீயரிங் கழுத்திலுள்ள சுவிட்சே செய்ததால், அங்கே தேட வேண்டிய இடமும் அதுவே.

மினுக்கலுக்கு உயிர் கொடுத்தது ஃபிளாஷர் என்ற உள்ளங்கையில் அடங்கும் அலுமினிய டப்பா. லூகாஸின் எஃப்எல்5 மாதிரியில் B, L, P என்று ஆங்கில எழுத்திட்ட மூன்று முனைகள்: முதலாவது மின்சாரம் வரும் இடம், இரண்டாவது விளக்குகளுக்கு, மூன்றாவது டேஷ்போர்டில் மினுக்கும் சிறு விளக்குக்கு. உள்ளே முறுக்காக இழுத்துக் கட்டிய ஒரு மெல்லிய கம்பி, தொடுமுனைகளைப் பிரித்து வைத்திருக்கும். சுவிட்சைப் போட்டதும் சிறு மின்னோட்டம் அந்தக் கம்பி வழியே பாயும். கம்பி சூடேறி நீள, முனைகள் ஒட்டி விளக்குகள் எரியும். ஒட்டிய நொடியில் மின்சாரம் கம்பியை விட்டு நேர்வழியில் போய்விடுவதால் கம்பி ஆறிச் சுருங்கி, முனைகளை மறுபடி பிரிக்கும். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை இந்தச் சூடும் ஆறுதலும் நடக்கின்றன. கணினிச் சில்லு எதுவும் இல்லாமல் ஒரு கம்பியின் நீட்சியையே கடிகாரமாக்கிய இந்த வடிவமைப்பு வியந்து பாராட்டத்தக்கது. கீழே விழுந்தால் மட்டும் பிழைக்காது.

அந்த டப்பாவில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருந்தது. முன்னும் பின்னுமாக இரண்டு 21 வாட் பல்புகள் எரிந்தால் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து மூன்றரை ஆம்பியர் ஓடும். ஒன்று போய்விட்டால் அது பாதியாகும். பாதி மின்னோட்டத்தால் டேஷ்போர்டு விளக்கின் முனையை இழுக்க முடியாது. அது மினுக்காமல் நின்றுவிடும். ஆகவே ஒரு பக்கம் மட்டும் கோளாறு என்றால் முதலில் அந்தப் பக்கத்துப் பல்புகளையும் ஹோல்டர்களையும் பார்ப்பதே முறை. இரண்டு பக்கமும் வேலை செய்யாவிட்டால் பியூஸ், ஃபிளாஷர், சுவிட்ச் என்ற வரிசையில் போக வேண்டும். பிரேக் லைட்டும் பெட்ரோல் காட்டும் முள்ளும் கூடவே நின்றுபோயிருந்தால் பொதுப் பியூஸ்தான் குற்றவாளி. பியூஸ் நன்றாக இருந்தால், ஃபிளாஷரின் முதல் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் நேரே இணைத்துச் சுவிட்சைப் போட வேண்டும். விளக்குகள் மினுக்காமல் நின்று எரிந்தால் கெட்டது ஃபிளாஷர். எரியவே இல்லையென்றால் பழுது சுவிட்சிலோ வயரிலோ இருக்கிறது.

வயரைத் தொடர நிறங்கள் உதவும். லூகாஸ் மரபில் பழுப்பு எப்போதும் உயிருள்ள வயர். வெள்ளை சாவி திருப்பியதும் உயிர் பெறுவது. பச்சை பியூஸைத் தாண்டி வருவது. பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டருக்கு, வெள்ளைக் கோடு வலதுக்கு. முழுச் சிவப்பு பார்க்கிங், டெயில் லைட்டுகளுக்கு. கறுப்பு எர்த். இந்த மரபுக்குத் தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்பு உண்டு. 1961இல் டி.வி.எஸ். குழுமமும் லூகாஸும் கூட்டாக லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கின, அதன் ஆலை சென்னை பாடியில் எழுந்தது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அம்பாசடரும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் பிரிட்டிஷ் வார்ப்புகளே. ஆனால் ஐம்பது அறுபது ஆண்டுகளில் பல கைகள் பட்ட வண்டியில் நிறத்தை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. கையில் டெஸ்ட் லேம்ப் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது எர்த். பல்புக்குப் போகும் மின்சாரம் வயரில் போகிறது. திரும்பி வருவதோ விளக்கின் கூடு, அதை இறுக்கும் போல்ட், மட்கார்டு, பாடி வழியாக. இந்த வழியில் எங்கே துரு இருந்தாலும் விளக்கு மங்கும். வழி முற்றிலும் அடைபட்டால் மின்சாரம் வேறு வழி தேடும். ஒரே கூட்டுக்குள் இருக்கும் டெயில் லைட்டின் இழை வழியே பின்னோக்கிப் போய், மறுபக்கத்து விளக்கின் எர்த்தில் இறங்கும். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட் மங்கலாக மினுக்குவதும், பார்க்கிங் லைட் எரியும்போது மட்டும் இண்டிகேட்டர் தடுமாறுவதும் இதனால்தான். பல்பை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது. பாட்டரியின் எர்த் முனையிலிருந்து ஒரு நீண்ட வயரை விளக்கின் கூட்டில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்: விளக்கு பளிச்சிட்டால் பழுது எர்த்தில். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, உலோகம் பளபளத்ததும் கிரீஸ் தடவி இறுக்கினால் போதும். பெயிண்ட் அடித்துப் புதுப்பித்த கார்களில் பெயிண்டே இந்தத் தடையாகிவிடுவதும் உண்டு.

6 வோல்ட் கார்களில் இந்தத் தொல்லை இன்னும் கடுமை. பீட்டில் போன்றவை 1960களின் பிற்பகுதி வரை 6 வோல்ட்டில்தான் ஓடின. அதே 21 வாட்டுக்கு அங்கே இரு மடங்கு மின்னோட்டம் வேண்டும். போல்ட்டில் ஒரு ஓம் தடை இருந்தால் 12 வோல்ட் காரின் ஒரு பல்புக்குச் சுமார் ஒன்றரை வோல்ட்தான் குறையும். 6 வோல்ட் காரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே போய்விடும்.

பார்க்கிங் லைட்டும் இண்டிகேட்டரும் ஒரே பல்பில் இருக்கும் கார்களில், 21 வாட், 5 வாட் என இரண்டு இழைகள். தலைகீழாகப் பொருத்திவிடாதபடி அதன் பக்கவாட்டு ஊசிகள் இரண்டும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும். தேய்ந்த ஹோல்டரில் அழுத்தித் திருகினால் பல்பு மாறி உட்கார்ந்துவிடும். பார்க்கிங் லைட் கண் கூசும்படி எரிய, இண்டிகேட்டர் மின்மினிபோல் மினுக்கும்.

இப்போது பழைய கார்களில் எல்.இ.டி. பல்பு போடுகிறார்கள். அது இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் சூட்டை நம்பிய ஃபிளாஷர் மினுக்க மறுக்கும். ஃபிளாஷரையும் சேர்த்தே எலக்ட்ரானிக் வகைக்கு மாற்ற வேண்டும். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருந்தது. அவற்றுக்குப் பாசிட்டிவ் எர்த்துக்கென்று செய்த பல்பையும் ஃபிளாஷரையும் கேட்டு வாங்க வேண்டும். சாதாரணமானவை அங்கே வேலை செய்யாது.